கால்மிதித் தையல் எந்திரத் திருகுக்கு எந்த எந்திரம் வாங்கலாம்?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கால்மிதித் தையல் எந்திரத்தை இன்னும் விடாத வீடுகள் இருக்கின்றன. எந்திரத்தின் உடம்பு கெட்டி. தொலைவதும் தேய்வதும் சுண்டுவிரல் நகத்தளவுத் திருகுகள்தாம். அவற்றை வீட்டிலேயே செய்ய ஒரு சின்னப் பட்டறை போடுகிறேன். எந்த எந்திரம், ஏன் என்பதில் இதுவரை தெளிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது எந்திரம் அன்று, நுண்ணளவு பார்க்கும் வெர்னியர். பழைய சிங்கர் வகைத் திருகுகளில் பல 9/64 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 40 மரை (திருகின் சுற்றுப் பள்ளம்). அதாவது 3.57 மி.மீ. விட்டம், 0.635 மி.மீ. மரை இடைவெளி. கடையில் கிடைப்பவற்றில் இதற்கு மிக அருகில் வரும் எம்3.5 (3.5 மி.மீ. மெட்ரிக்) திருகின் இடைவெளி 0.6. அது சில சுற்று ஏறும், பிறகு சிக்கும். "கொஞ்சம் அழுத்தி முறுக்கினால் போய்விடும்" என்பவர்கள் பேச்சைக் கேட்டால் எந்திரத்தின் உடம்பிலுள்ள மரையே போய்விடும்.

இந்த ஒரே அளவு, பாதி எந்திரங்களைக் கழித்துவிட்டது. 3டி பிரிண்டரின் வழக்கமான முனைத் துளை 0.4 மி.மீ. அதை வைத்து 0.635 இடைவெளி மரையை அச்சிட முடியாது. அச்சிட்டாலும் பிளாஸ்டிக் மரை ஊசியைப் பிடித்து நிற்காது. 3018 வகைச் சிறு சி.என்.சி. (கணினி சொற்படி செதுக்கும் எந்திரம்) பார்க்க அழகு. மரம், அக்ரிலிக், சர்க்யூட் பலகைக்குச் சரி, எஃகுக்கு அதன் எலும்பு போதாது. ஆக, உருண்டையான உலோகப் பொருளுக்குக் கடைசல்தான், லேத்தான்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய நாலரை அடி லேத் விலைக்கு வந்தது. ஆசைதான். அதை இறக்க ஆள் வேண்டும், நிறுத்தக் காங்கிரீட் தளம் வேண்டும், ஓட்ட த்ரீ பேஸ் வேண்டும். என் வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ், ஓடு வேய்ந்த திண்ணை. மேசையில் நிற்கும் மினி லேத்தை எடுத்தேன். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா விலையைக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தக் காசுக்குப் புதுத் தையல் எந்திரமே வந்திருக்குமே" என்றார். கணக்கு அவர் பக்கம்தான்.

அடுத்தது பல்சக்கரம். லேத்தில் சுழலும் கம்பியோடு பல்சக்கரங்களால் இணைந்து, டூலை (வெட்டும் உளியை) நகர்த்தும் திருகுத்தண்டுதான் லீட் ஸ்குரூ. இந்த லேத்தில் அது 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. அதில் 0.635 வெட்ட வேண்டுமானால் விகிதம் 127க்கு 300. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் இந்த 127 எங்கு போனாலும் கூடவே வரும். பகா எண் என்பதால் உடைக்கவும் முடியாது. 127 பல் சக்கரம் மினி லேத்தின் மூடிக்குள் அடங்காது. தாளில் கணக்குப் போட்டதில் 30, 40 பல் ஓட்டும் சக்கரங்கள், 63, 45 பல் ஓடும் சக்கரங்கள் என்று ஒரு கூட்டணி அமைந்தது. கிடைக்கும் இடைவெளி 0.63492. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மைக்ரானில்தான் வித்தியாசம்.

லேத்துடன் வந்த சக்கரங்களில் 63 மட்டும் இல்லை. திருகுக்கு உதவாது என்று கழித்த 3டி பிரிண்டர் இங்கேதான் உள்ளே வந்தது. மாட்யூல் (பல்லின் அளவு) 1, வெளிவிட்டம் 65 மி.மீ., பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டேன். நடுத்துளை வரைந்ததைவிடக் கொஞ்சம் இறுகித்தான் வரும் என்பதால் 0.2 மி.மீ. கூட்டி வரைந்தேன். சுமை குறைவு, கையால் ஓட்டும் வேகம்; சக்கரம் இன்னும் ஒரு பல்லும் இழக்கவில்லை. பி.எல்.ஏ. என்ற இன்னொரு இழை வேண்டாம். 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும், சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே அதை நம்ப முடியாது.

மரை வெட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. லீட் ஸ்குரூ மெட்ரிக், மரை அங்குலம். எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே ஆஃப் நட்டை (டூலை லீட் ஸ்குரூவோடு பிணைக்கும் பிளவு நட்டை) திறக்கக் கூடாது; திறந்தால் டூல் பழைய தடத்தில் விழாது. டூலைப் பின்னிழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டி, அப்படியே தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் மோட்டாரை அணைத்துவிட்டு ஸ்பிண்டிலின் (கம்பியைச் சுழற்றும் அச்சின்) பின்னால் ஒரு கைப்பிடி மாட்டிச் சுற்றுகிறேன். பொறுமை வேண்டும், ஆனால் டூல் திருகுத் தலையின் அடியில் மோதும் பயம் இல்லை. கம்பி அதைப் பிடிக்கும் சக்கிலிருந்து நீண்டால் வளைந்து கொடுக்கும், அதனால் வெளியே தெரிவது ஒரு சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மெல்லிய சுருளாகச் சீவல் வரும்போது கேட்கும் 'சர்' என்ற ஓசை மாறினால் டூல் முனை மழுங்கிவிட்டது என்று பொருள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று நேரே திண்ணைக்குள் வருகிறது. வார்ப்பிரும்புப் படுக்கையை ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டாலும் செந்நிறம் பூக்கும். எண்ணெய்த் துணி எந்திரத்தின் ஓர் உறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருகின் தலையில் பிளவு போட மில்லிங் எந்திரம் (சுழலும் வெட்டியால் சீவுவது) வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். மெல்லிய ஹேக்சா பிளேடும் ஓர் அரமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. டிரில்லிங் எந்திரத்தையே மில்லிங்குக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் டேப்பரில் (கூம்பு வடிவப் பொருத்தில்) நிற்கும் சக் சுழன்றுகொண்டே கழன்று விழும். தட்டையான வேலை வந்தால் கோயம்புத்தூரில் கூலிக்கு மில்லிங் செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்துக் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் ஒரு புஷ் (தண்டு சுழலும் உருளைக் குழல்) கடைய வேண்டும். துளையின் உட்புறத்தைக் கடைய வேண்டிய போரிங் பார் இன்னும் வரவில்லை.