புலிகேசிக்கு இன்னொரு பாகமா? டர்பன் நாட்குறிப்பு

2 ஆகஸ்ட் 2025, சனி

செப்டம்பர் 24 தென்னாப்பிரிக்காவில் பாரம்பரிய தினம், பொது விடுமுறை. அன்றைக்கு, டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு படம் போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் படம் என்பதில் தகராறு இல்லை: 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. படம் முடிந்ததும் எதைப் பேசுவது என்பதில்தான் வாய்ச்சண்டை.

படம் வந்தது 2006இல். இரண்டாம் பாகம் 2017இல் தொடங்கிய வேகத்திலேயே நின்றது. வடிவேலுவுக்கும் தயாரிப்பாளருக்கும் இருந்த பஞ்சாயத்து 2021இல் முடிந்தது. படம் மட்டும் வரவில்லை. இனி எடுத்தால் போய்ப் பார்ப்பதா, எடுக்காமல் விடுவதே புண்ணியமா?

டர்பனின் பீனிக்ஸ் பகுதி அக்கா கட்சி: வடிவேலு இருக்கிறார், இயக்கிய சிம்புதேவன் இருக்கிறார், வேறென்ன வேண்டும், எடுக்கட்டும். பெரியவர் கட்சி: ஆறின கஞ்சியைச் சூடு பண்ணினால் அடிப்பிடிக்கும். நடுவில் ஒரு தம்பி, "முதல்ல இதுவரைக்கும் தாமதமா வந்த ரெண்டாம் பாகமெல்லாம் ஏன் சொதப்புச்சுன்னு பார்ப்போம் தாத்தா" என்றான். அவன் பேச்சுதான் எடுபட்டது. இந்தக் குறிப்புகள் அதற்காக.

3 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாரும் முதலில் எடுத்தது நாய் சேகரை. சரியான இடம்தான்.

'தலைநகரம்' வந்ததும் அதே 2006. சுராஜ் இயக்கம், சுந்தர் சி கதாநாயகனாக அறிமுகம், பெயர் ரைட்டு. அவருக்குப் பக்கத்தில் வெட்டி வீறாப்போடு வடிவேலுவின் நாய் சேகர். அதில் அவர் விடும் ஒரு சவடால், 2015இல் 'நானும் ரவுடிதான்' என்று ஒரு படத்துக்குத் தலைப்பாகவே ஆனது. 2003இன் 'வின்னர்' படத்தில் கைப்புள்ள நடத்திய சங்கத்தின் பெயர் 2013இல் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' ஆனது போல. வசனத்துக்கு இவ்வளவு ஆயுள் இருந்தால், ஆளை வைத்தே படம் எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

எடுத்தார்கள். 2022 டிசம்பரில் அதே சுராஜ், அதே வடிவேலு, 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்'. 'நாய் சேகர்' என்ற தலைப்பை அந்த ஆண்டு ஜனவரியிலேயே சதீஷ் நடித்த வேறொரு படம் எடுத்துக்கொண்டதால் வால் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் 'தலைநகரம் 2'. அதில் சுந்தர் சி உண்டு, வடிவேலு இல்லை.

இதை ஒருமுறை நிதானமாகப் படித்தால் போதும், பாதி விவாதம் முடிந்துவிடும். ஒரே படத்தை நடுவில் அறுத்து, சிரிப்பை ஒரு படத்துக்கும் முறைப்பை இன்னொரு படத்துக்கும் பங்கு வைத்துவிட்டார்கள். நாய் சேகர் ஏன் சிரிப்பு? நிஜமான ரவுடி ஒருவன் பக்கத்தில் சும்மா நிற்பதால். அந்த ஆளை எடுத்துவிட்டால், சவடாலை அளக்க அளவுகோல் இல்லை. 2022 படத்தில் நாய் கடத்துகிறவராக வடிவேலு ஓடுகிறார், விழுகிறார், கத்துகிறார். அவரைப் பார்த்து ‘இவன் யாரடா’ என்று நிற்க ஒரு கனமான முகம் இல்லை.

2010க்குப் பிறகு 2025 ஏப்ரலில் வடிவேலுவும் சுந்தர் சியும் 'கேங்கர்ஸ்' படத்தில் சேர்ந்ததும் பலர் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இதுதான். அது எதற்கும் இரண்டாம் பாகமில்லை. ஆனாலும் 'தலைநகரம்' ரசிகர்கள் கேட்டது அதைத்தான்.

9 ஆகஸ்ட், சனி

சும்மா பேசினால் ஆளுக்கொரு கதை வருகிறது. அதனால் ஒரு பயிற்சி. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

பிடித்த நகைச்சுவைக் காட்சி ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஒலியோடு பார்த்து, சிரிப்பு வரும் நொடியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் (ஷாட் மாறும் இடத்துக்கும்) ஓர் எழுத்து: திரையில் நகைச்சுவைக்காரர் முகம் என்றால் 'ந', எதிராளி முகம் என்றால் 'எ', இருவரும் என்றால் 'இ'. பிறகு சிரிப்பு நொடியை இந்த எழுத்து வரிசையோடு பொருத்த வேண்டும்.

மூன்று பேர் தனித்தனியாகச் செய்தோம். புலிகேசியில் சிரிப்பு விழும் இடம் பெரும்பாலும் 'எ' அல்லது 'இ'. மன்னர் பேசும்போது உதடு விரிகிறது. மங்குனிப் பாண்டியனாக வரும் இளவரசு விழிப்பதைப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வெடிக்கிறது. நாசரின் ராஜகுரு இன்னொரு வகை: ‘இந்த முட்டாளை வைத்துக்கொண்டு நான் எப்படி நாட்டைச் சுரண்டுவது’ என்ற சலிப்பு அந்த முகத்தில் எப்போதும் உண்டு.

பயிற்சியில் தவறு நேர்வது ஒரே இடத்தில். யூடியூபில் கிடைக்கும் நகைச்சுவைத் தொகுப்பை எடுத்துச் செய்தால் கணக்கு கெடும். தொகுப்பவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது எதிராளியின் முகத்தையும், காட்சிக்கு முந்தின அரை நிமிடத்தையும்தான். யூடியூபோடு வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு வடிவேலு என்றால் இந்தத் துண்டுகள்தான். தயாரிப்பாளர்களுக்கும் அப்படியே இருக்குமோ என்று சந்தேகம். தனி ஆளே போதும் என்ற நம்பிக்கை வேறு எங்கிருந்து வரும்?

10 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா கேட்டார்: "சரி, எதிராளி வேணும்னா இளவரசு இருக்காரே, நாசர் இருக்காரே?" இருக்கிறார்கள். ஆனால் புலிகேசியின் தகப்பன் மன்னராக வந்த நாகேஷ் 2009இல் போய்விட்டார். தாயாக வந்த மனோரமா 2015இல். அந்த அரண்மனையில் புலிகேசியைக் குழந்தையாகப் பார்க்கும் கண் அந்தத் தாய் ஒருத்தியுடையதுதான். அதனால்தான் கொடுங்கோலனாக இருந்தும் அவன்மேல் நமக்கு வெறுப்பு வரவில்லை. அந்த இடத்தை எழுத்தில் எப்படி நிரப்புவார்கள் என்பதே என் கேள்வி.

16 ஆகஸ்ட், சனி

தப்பித்த படம் ஒன்று உண்டு: 'சென்னை 600028'. முதல் பாகம் 2007, இரண்டாம் பாகம் 2016 டிசம்பர். ஒன்பது வருட இடைவெளி. வெங்கட் பிரபு செய்தது எளிய காரியம். பழைய ஷார்க்ஸ் பையன்களையே திரும்பக் கூட்டி வந்தார், நடுவில் போன வயதையே கதையாக்கினார். அப்போது மட்டை பிடிக்கத் தடையாக இருந்தது ராக்கர்ஸ் அணி, இப்போது வீட்டுக்காரி. ஜெய்யின் கல்யாணத்துக்காகக் கூட்டமாகத் தேனிக்குப் போகிறார்கள், அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். முதல் பாகத்தில் சின்னப் பசங்களிடம் பந்தயத்தில் தோற்கும் கூச்சம் நினைவிருக்கிறவர்களுக்கு, இந்த வயசான உடம்புகள் ஓடுவதே சிரிப்பு. முதல் பாகம் அளவுக்கு இல்லை என்று பெரியவர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜோடிகள் உடையவில்லை. சிவா பேசும்போது சலித்துக்கொள்ள அதே ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

'சூது கவ்வும்' நேர்மாறு. 2013இல் விஜய் சேதுபதியின் தாஸ், ஆள்கடத்தலுக்கு விதிமுறை வைத்திருந்த அசட்டுத் தலைவன். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை, நலன் குமாரசாமியின் இயக்கமும் இல்லை. கருணாகரனின் அருமைப் பிரகாசம் திரும்பி வந்தார். பழைய படத்தில் அவர் தாஸுக்கு எதிரே நின்ற சுவர். பந்து இல்லாமல் சுவரை மட்டும் வைத்து என்ன விளையாடுவது?

'தமிழ் படம்' 2010, 'தமிழ் படம் 2' 2018. கேலிப் படத்துக்கு எதிராளி அந்தந்த ஆண்டின் மற்றப் படங்கள். எனவே தாமதம் அதற்குச் சரக்கைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. சிக்கல் நமக்குத்தான். இங்கே ஆண்டுக்கு நாலைந்து தமிழ்ப் படம் பார்ப்பவருக்கு அதில் பாதி புரியாது. நம் காட்சிக்கு ஆகாது.

'கலகலப்பு' 2012, 2018. பெயர் மட்டும் தொடர்ச்சி, கதையும் பாத்திரமும் வேறு. விவாதத்தில் சேர்க்கவில்லை.

23 ஆகஸ்ட், சனி

இன்று துணைவரிகள் (சப்டைட்டில்). இங்கே வரப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ஆயாவிடம் கேட்ட நாலு தமிழ்ச் சொல் இருக்கும், மதுரைப் பேச்சு வேகம் பிடிபடாது. எனவே ஆங்கில வரி வேண்டும். மூன்று வாரமாக நாம் பேசுவது எதிராளியின் முகம் பற்றி. வரி தப்பானால் அதே முகத்தை நாமே மறைத்துவிடுவோம். கண் கீழே படித்துக்கொண்டிருக்கும்போது மேலே இளவரசு விழித்து முடித்திருப்பார்.

வேலை இப்படி. ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லை. படிக்கும் வேகம் நொடிக்கு 17 எழுத்து என்று வைத்துக்கொண்டால், 42 எழுத்துக்கு இரண்டரை நொடி வேண்டும். வடிவேலு 1.2 நொடியில் பொரிந்து தள்ளும் வசனத்துக்கு 20 எழுத்துதான் கிடைக்கும். ஆங்கிலத்தில் நாலு சொல். வசை நாலு அடுக்கு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை விட்டுவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனால் விடத்தான் வேண்டும்.

கேள்வியையும் பதிலையும் ஒரே அட்டையில் (ஒரே நேரத்தில் தோன்றும் வரிகளில்) போடக் கூடாது. நாமே ஒரு வசனம் கட்டிப் பார்த்தோம். அமைச்சர்: "மன்னா, எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான்." மன்னர்: "வந்தவனுக்கு நாற்காலி போட்டீர்களா?" இரண்டும் சேர்ந்து திரையில் வந்தால், மன்னர் வாய் திறக்குமுன்னே கூடம் சிரித்துவிடும், அவர் பேசும்போது அமைதியாக இருக்கும். தனித்தனி அட்டை, நடுவில் குறைந்தது 2 சட்டக (ஃபிரேம்) இடைவெளி. அந்த இடைவெளி இல்லையென்றால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

எதிராளியின் முகத்துக்கு வெட்டு விழும் சட்டகத்தோடு வரி மறைய வேண்டும். வெட்டைத் தாண்டி ஒரு சட்டகம்கூட நீளக் கூடாது. நீண்டால் புது வரி என்று நினைத்துக் கண் மறுபடி கீழே இறங்கும்.

வடிவேலுவின் அந்த அழுகைக்கு வரியே வேண்டாம். அதை எழுதிக் காட்டுவது போன்ற பாவம் வேறில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வரிகள் முதல் காட்சியில் பொருந்தி, இடைவேளையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகி நின்றன. பழைய நோய்தான். படத்தின் கோப்பு நொடிக்கு 24 சட்டகம், துணைவரியின் நேரம் குறித்தது 25 சட்டகக் குறுந்தகட்டில். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி முறை 25 சட்டகம் என்பதால் நம் அலமாரியில் இருக்கும் பழைய தகடுகள் பலவும் அப்படி. ஒரு மணி நேரத்துக்கு விலகல் சரியாக 2 நிமிடம் 24 நொடி. முழு வரிசையையும் முன்னே பின்னே தள்ளினால் தீராது. எல்லா நேரத்தையும் 25/24 ஆல் பெருக்க வேண்டும். துணைவரி மென்பொருள்களில் சட்டக வேகம் மாற்றும் கட்டளை இதற்கே இருக்கிறது.

அதே தகட்டில் படமே 4 விழுக்காடு வேகமாக ஓடும். குரல் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குபோல ஏறும். நகைச்சுவைக்கு அது இன்னும் கேடு: ஒரு நொடி மௌனம் 0.96 நொடி ஆகிறது. சின்ன வித்தியாசம் என்று தம்பி சொன்னான். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான்.

30 ஆகஸ்ட், சனி

கூடம். தரை சமதளம், நாற்காலி வரிசை. உட்கார்ந்த ஆளின் தலை உச்சி ஏறத்தாழ 1.3 மீட்டர். திரையின் அடி அதற்குக் கீழே இருந்தால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் யாருக்கும் வரி தெரியாது. திரை 3 மீட்டர் அகலம் என்றால் உயரம் 1.69. அடியை 1.5இல் நிறுத்தினால் உச்சி 3.19. கூரை 3.2 இருந்தால் தப்பித்தோம். குறைவென்றால், சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் 20 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை மிஞ்சும். வரியை மேல் பட்டையில் ஏற்றலாம். கண்ணுக்குப் பழக்கமில்லை, ஆனால் முகங்கள் மேலேதான் இருக்கும் என்பதால் கண் போகும் தூரம் குறைவு.

பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) இடைவேளையில் மட்டும். இரண்டு கையும் குழம்பில் இருப்பவர் வரி படிக்க மாட்டார்.

6 செப்டம்பர், சனி

தம்பி புது வாதம் கொண்டுவந்தான். நம் ஊர்க் கந்தசாமி வரிசையைப் பாருங்கள் என்றான். ஜெயன் மூட்லியின் முதல் படம் 2017, இரண்டாவது 2019, மூன்றாவது 2021, நான்காவது 2023. சாட்ஸ்வொர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டு அம்மாக்கள், ஒரு பழைய பகை. ஜெய்லோஷினி நாயுடுவும் மேஷ்னி நாயக்கரும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வைதான் சொத்து. அந்தச் சொத்தை வட்டிக்கு விட்டே நாலு படம் ஓட்டினார்கள். ‘சீக்கிரம் எடுத்ததால் பிழைத்தது’ என்பது அவன் கட்சி. ‘இரண்டு பேரையும் பிரிக்காததால் பிழைத்தது’ என்பது அக்கா கட்சி. ஆகஸ்ட் முதல் வாரம் அதே அக்காதான் வடிவேலுவும் சிம்புதேவனும் இருந்தால் போதும் என்றார். நான் அதை நினைவூட்டவில்லை.

பெரியவர் இறங்கி வந்தது இவ்வளவுதான்: புலிகேசி செத்து, அவன் மகன் நாட்டைக் கெடுக்க, இளவரசுவின் மங்குனி மட்டும் கிழவனாக அதே இடத்தில் நின்று விழித்தால், டிக்கெட் வாங்குவாராம். வடிவேலு மகனாக வருவதா, ஆவியாக வருவதா என்று மேற்கொண்டு அரை மணி நேரம் போனது.

13 செப்டம்பர், சனி

மிச்சம் ஒரு சிக்கல். படத்தில் 'அக்காமாலா', 'கப்சி' என்று இரண்டு குளிர்பானம் வருகிறது. எந்த இரண்டு கம்பெனி என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். 'கப்சி' காதிலேயே புரிந்துவிடும், வரியில் அப்படியே விடலாம். ஆனால் தமிழில் அது புளுகு என்று பொருள்படும் 'கப்சா'வையும் நினைவூட்டுகிறதே, அந்த இரண்டாவது சிரிப்புக்கு 20 எழுத்துக்குள் ஆங்கிலம் வேண்டும். ஐந்து பேர் ஐந்து சொல் கொண்டுவந்தார்கள். எல்லாமே 20ஐத் தாண்டின. புதன்கிழமை மறுபடி உட்காருகிறோம்.