பகுபதம் தெரிந்த பிள்ளைகள்

தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். 'வந்தனன்' என்று கொடுத்தால் வா பகுதி, அது வ ஆனது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி என்று கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளைகள் 'அன்ரிலையபில்' (unreliable, நம்பமுடியாத) என்ற சொல்லைக் கண்டால் மலைத்து நிற்பார்கள். பிரித்துப் பார்க்கும் வித்தை தமிழ் வகுப்போடு முடிந்துவிட்டதாக நினைப்பு.

முன்னொட்டில் பெரிய சிக்கல் இல்லை. அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்களில் முன்னொட்டோடு வரும் சொற்களில் 58 விழுக்காடு அன், ரீ, இன், டிஸ் என்ற நான்கில் அடங்கிவிடுவதாக 1989-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 'இன்' என்பது இம்பாசிபில், இர்ரெகுலர், இல்லீகல் என்று உருமாறுவதையும் சந்தி படித்தவர்கள் சட்டெனப் பிடித்துக்கொள்கிறார்கள். "அங்கிள் ஸ்பெல்லிங்லயும் அன் இருக்கே சார்?" என்று யாராவது மடக்குவார்கள். "அது பகாப்பதம்ப்பா, பிரிக்க முடியாது" என்றால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள்.

தகராறெல்லாம் பின்னொட்டில்தான். 'ஹி இஸ் வெரி சக்ஸஸ்' என்று எழுதாத விடைத்தாள் கட்டே கிடையாது. எழுதியவருக்குப் பொருள் தெரியும், எந்த இடத்தில் எந்த வடிவம் வரும் என்பதுதான் தெரியாது. கரும்பலகையில் வெற்றி, வெற்றிகரமான, வெற்றிகரமாக என எழுதி, பக்கத்திலேயே சக்ஸஸ், சக்ஸஸ்ஃபுல், சக்ஸஸ்ஃபுல்லி என்று எழுதுவேன். "அவன் மிகவும் வெற்றி" என்று தமிழில் சொல்வாயா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். டிசைட், டிசிஷன் மாதிரி பகுதியின் ஓசையே மாறும் இடங்கள் மட்டும் காதுக்குப் பிடிபட நாளாகும். வா, வ ஆகவில்லையா என்று அங்கேயும் 'வந்தனன்' கைகொடுக்கும்.

ஆனால் ஒன்று. 'ரிலை' தெரியாதவருக்கு 'அன்' தெரிந்தும் 'ஏபில்' தெரிந்தும் 'அன்ரிலையபில்' திறக்காது. கையில் நாலு சொல் இருந்தால் இந்த வித்தை அதை நாற்பதாக்கும், ஒன்றுமே இல்லாதவருக்கு அது வெறும் ஒட்டுப் பட்டியல். நோட்ஸ் புத்தகங்களில் பக்கம் பக்கமாக முன்னொட்டு, பின்னொட்டு அட்டவணை போட்டிருப்பது ஒரு மார்க் கேள்விக்கு உதவலாம், படிக்க உதவாது.

அதனால் நான் குடும்பம் குடும்பமாகத்தான் நடத்துகிறேன். உயர்கல்விப் புத்தகங்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தார். அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல் என்று அதிலிருந்து வாரத்துக்குச் சில குடும்பங்கள். முதலில் பகுதி வாக்கியத்தில் வரும். அது வாயில் பழகிய பிறகுதான் விகுதி.