களியக்காவிளையில் இரண்டு வானொலிகள்: சொந்த எஸ்டிஆர் கோடில் பிழை பிடித்த அனுபவம்

தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் மொட்டை மாடியில் ஆன்டெனா நீட்டினால் நாகர்கோவில் வானொலி 101.0 மெகாஹெர்ட்ஸிலும், திருவனந்தபுரத்தின் அனந்தபுரி எஃப்எம் 101.9 மெகாஹெர்ட்ஸிலும் கிடைக்கும். நடுவே இடைவெளி 900 கிலோஹெர்ட்ஸ்தான். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (கணினியின் யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்; எஸ்டிஆர் என்றால் மென்பொருளால் இயங்கும் வானொலி) நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் ஓட்டினால் இரண்டும் ஒரே பதிவுக்குள் அடங்கிவிடும். ஆயத்த மென்பொருள் எதையும் தொடாமல், பைத்தானும் அதன் எண்கணித நூலகமான நம்பையும் (NumPy) மட்டும் வைத்து எஃப்எம் ரிசீவர் எழுதிப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. கோடு எங்கே பிசகினாலும் தமிழுக்குப் பதில் மலையாளமோ, மலையாளத்துக்குப் பதில் தமிழோ வந்து காட்டிக்கொடுக்கும்.

ரிசீவரின் வரிசை இது: டாங்கிள் மாறி மாறித் தரும் ஐ, க்யூ பைட்டுகளைச் சிக்கலெண்ணாக (ஐ மெய்ப்பகுதி, க்யூ கற்பனைப்பகுதி) மாற்றுவது, வேண்டிய நிலையத்தைச் சிக்கலெண் அலை ஒன்றால் பெருக்கிப் பூஜ்ய கிலோஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது, ஃபில்டர் செய்து பத்தில் ஒன்றாகக் குறைத்து 240 கிலோ சாம்பிளுக்குக் கொண்டுவருவது, அடுத்தடுத்த சாம்பிள்களின் ஃபேஸ் (கோண) வித்தியாசம் எடுப்பது, டி-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் தூக்கி அனுப்பிய உயர் சுருதிகளை மீண்டும் தணிப்பது), கடைசியாக ஐந்தில் ஒன்றாகக் குறைத்து 48 கிலோ சாம்பிளில் சவுண்ட் கார்டுக்கு அனுப்புவது.

காதை நம்பிப் பிழை தேடினால் நாள் முழுக்க அலைய வேண்டும். கோடு பாதி தப்பாக இருந்தாலும் எஃப்எம்மில் ஏதோ ஒரு பாட்டு கேட்டுவிடும். அதனால் நேரலையை நிறுத்திவிட்டு, முதலில் 10 நொடி கோப்பாகப் பதிந்துகொள்கிறோம். ஒரு சாம்பிளுக்கு 2 பைட் என்பதால் கோப்பு சரியாக 4 கோடியே 80 லட்சம் பைட் இருக்க வேண்டும். குறைந்தால் யுஎஸ்பி வழியிலேயே கோளாறு.

அதற்கும் முன்னால் ஒரு செயற்கைக் கோப்பு வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி, 75 கிலோஹெர்ட்ஸ் விலகல், நடுவிலிருந்து 450 கிலோஹெர்ட்ஸ் இடப்பக்கம். இப்படி ஓர் எஃப்எம் சிக்னலை நாமே கணக்கிட்டு, 100ஆல் பெருக்கி, 127.5 கூட்டி, டாங்கிள் தருவது போலவே 0 முதல் 255 வரையுள்ள பைட்டுகளாக எழுதிவிட வேண்டும். இதற்கு விடை முன்கூட்டியே தெரியும்: 240 கிலோ சாம்பிளில் ஃபேஸ் வித்தியாசத்தின் உச்சம் 2π × 75 ÷ 240, அதாவது 1.96 ரேடியன். சைன் அலை அந்த உயரத்தில், அந்த வடிவத்தில் வரும்வரை ஆன்டெனாவைத் தொடத் தேவையே இல்லை. இந்த ஒரு கோப்பு இல்லாமல் நடக்கும் பிழைதேடல் எல்லாம் வெறும் ஊகம் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் கண்ணி பைட் மாற்றம். எட்டு பிட் குறியில்லா எண் வரிசையிலிருந்து நேராக 127ஐக் கழித்தால் நம்பை எட்டு பிட்டுக்குள்ளேயே சுற்றிவிடும். 120 கழித்தல் 127 என்பது −7 ஆகாமல் 249 ஆகும். வலுவான நிலையம் அப்போதும் ஒருமாதிரி கேட்கக்கூடும், மெலிந்தது இரைச்சலில் மூழ்கும். முதலில் மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றி, பிறகு 127.5ஐக் கழித்தால் தீர்ந்தது.

அடுத்ததுதான் சுவாரஸ்யம். டாங்கிளை இரண்டு நிலையங்களுக்கும் சரிநடுவே 101.45க்கு டியூன் செய்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்போது நாகர்கோவில் −450, அனந்தபுரி +450 கிலோஹெர்ட்ஸ். கண்ணாடிப் பிம்பம்! நகர்த்தும் பெருக்கலில் குறி மாறினால், 101.0 கேட்ட இடத்தில் அனந்தபுரி சுத்தமாக ஒலிக்கும். ஐ, க்யூ இரண்டும் இடம் மாறினாலும் அப்படியேதான். கோப்பை ஒரு பைட் தள்ளிப் படிக்கத் தொடங்கினால் ஏறக்குறைய அந்த இடமாற்றமே நேரும், ஆனால் அவ்வளவு சுத்தமாக அல்ல. இரண்டு தப்பும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று ரத்து செய்து, வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். வேறு அலைமாற்று (மாடுலேஷன்) முறைக்கு அதே கோடைப் பயன்படுத்தும் அன்று மாட்டும். எனவே பெருக்கலுக்கு முன்பே எஃப்எஃப்டி (எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று காட்டும் கணக்கு) போட்டுப் பாருங்கள். டாங்கிளின் நடு அலைவரிசையை 100 கிலோஹெர்ட்ஸ் ஏற்றினால் நிலையத்தின் மேடு 100 கிலோஹெர்ட்ஸ் இடப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கம் நகர்ந்தால் ஐ, க்யூவில் பிழை. சரியாக நகர்ந்தும் நிலையம் மாறி வந்தால் பெருக்கலின் குறியில் பிழை.

இன்னொரு அறிகுறி: நாகர்கோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்கியத்தின் நடுவில் மலையாளப் பாட்டு குறுக்கிட்டு, இரண்டு சொல் பாடி, மறுபடி தமிழுக்குத் திரும்பும். எஃப்எம்மில் இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதினால் அந்த நொடியில் சற்று வலுத்தது மற்றதை அமுக்கிவிடும். அதனால்தான் கலந்து கேட்காமல் மாறி மாறிக் கேட்கிறது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. சிக்கலெண் அடுக்குக்குறி அலைக்குப் பதிலாக வெறும் கொசைனால் பெருக்கியிருந்தால் −450, +450 இரண்டுமே பூஜ்யத்தில் வந்து விழும். அல்லது, ஃபில்டர் இல்லாமல் பத்துக்கு ஒன்று எடுத்திருந்தால், 900 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் அனந்தபுரி மடிந்து 900 − 960, அதாவது −60 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். 240 கிலோ சாம்பிள் கட்டத்தில் எஃப்எஃப்டி எடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியும்: ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே மேடு என்றால் கொசைன், −60இல் தனி மேடு என்றால் ஃபில்டர்.

எஃப்எஃப்டி குழப்பமாகத் தெரிந்தால் டாங்கிளை 101.2க்கு மாற்றிப் புதிதாகப் பதிவு எடுக்கலாம். நாகர்கோவில் −200, அனந்தபுரி +700. பிம்பப் பொருத்தம் உடைந்துவிட்டது. கொசைன் கோளாறாக இருந்தால் கலப்பு மறைந்துவிடும். ஃபில்டர் கோளாறு மறையாது, ஏனென்றால் நிலையங்களுக்கு இடையிலான 900 மாறவில்லை. கோடு சரியான பிறகும் நான் 101.2ஐத்தான் வைத்துக்கொள்வேன்.

ஃபில்டர் எவ்வளவு நீளம்? 100 கிலோஹெர்ட்ஸ் வரை விட்டு, 140இல் 60 டெசிபல் அடைக்க வேண்டும். தோராயக் கணக்கு: 60ஐ, 22 பெருக்கல் 40/2400 என்பதால் வகுத்தால் சுமார் 164, ஒற்றைப்படையாக 165 டேப் (ஃபில்டரின் பெருக்கு எண்கள்) வைத்தால் போதும். 31 டேப்பில் முடித்துக்கொண்டால் 900 தள்ளி நிற்கும் மலையாளம் போனாலும், 140ஐ ஒட்டியிருப்பது முழுசாக அடைபடாது. வேகம் வேண்டுமென்றால் டேப்பைக் குறைக்காதீர்கள். தூக்கி எறியப்போகும் ஒன்பது சாம்பிள்களுக்குக் கணக்கிடுவதை நிறுத்துங்கள்.

தொடக்கத்தில் தெளிவாக இருந்து, நொடி செல்லச் செல்ல இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் ஆன்டெனாவைக் குறைசொல்ல வேண்டாம். நகர்த்தும் அலையின் ஃபேஸை 32 பிட் எண்ணில் சாம்பிள் எண்ணோடு பெருக்கிக்கொண்டே போனால் முதல் நொடியின் முடிவில் அது 28 லட்சம் ரேடியன். அந்த அளவில் 32 பிட்டின் நுணுக்கம் கால் ரேடியன்தான். பத்தாவது நொடியில் 2 ரேடியன் ஆகிவிடும். 64 பிட்டில் கணக்கிட்டு ஒவ்வொரு பிளாக் முடிவிலும் 2πஆல் மீதி எடுப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு: 450 ÷ 2400 என்பது 3/16. பதினாறே மதிப்புகள் கொண்ட அட்டவணை திரும்பத் திரும்ப வந்தால் போதும். 101.2இல் 200 ÷ 2400 என்பது 1/12, பன்னிரண்டு மதிப்புகள். பிழை சேரவே வழியில்லை.

கோப்பில் சரியாக ஓடியது நேரலையில் டிக் டிக் என்று தட்டினால் பிளாக் எல்லையைப் பாருங்கள். 262144 பைட் பஃபர் என்றால் 131072 சாம்பிள். பத்தால் வகுத்தால் 2 மீதி. அந்த மீதியைத் தூக்கிப் போட்டால் நொடிக்கு சுமார் 18 தட்டல். ஃபில்டரின் உள்நிலை, நகர்த்தும் அட்டவணையின் இடம், ஃபேஸ் வித்தியாசத்துக்கான முந்தைய பிளாக்கின் கடைசிச் சாம்பிள் ஆகியவையும் அடுத்த பிளாக்குக்குப் போய்ச் சேர வேண்டும். சோதனை எளிது: ஒரே கோப்பை மொத்தமாக ஒருமுறையும், பிளாக் பிளாக்காக ஒருமுறையும் ஓட்டி, இரண்டு விடைகளையும் கழியுங்கள். மிஞ்சுவது 32 பிட் கணக்கின் சுற்றுப்பிழை அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சும் கூர்முனைகள் பிளாக் தொடக்கத்தில் நின்றால் விட்டுப்போன நிலை எது என்று உடனே தெரிந்துவிடும்.

ஃபேஸ் வித்தியாசத்தை, இந்தச் சாம்பிளை முந்தைய சாம்பிளின் இணையெண்ணால் பெருக்கி, அதன் கோணமாக எடுங்கள். கோணங்களை எடுத்து நேராகக் கழித்தால் πஐத் தாண்டும் இடமெல்லாம் 2π குதிக்கும். வெளிவரும் சராசரி பூஜ்யமாக இல்லாவிட்டால் அது டாங்கிள் படிகத்தின் விலகல்: 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்றால் 101 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோஹெர்ட்ஸ், 0.08 ரேடியன்.

இந்தக் கட்டத்தின் எஃப்எஃப்டியில், ஸ்டீரியோ நிலையமாக இருந்தால், 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஊசி நிற்கும். அது 19இல் இல்லையென்றால் சாம்பிள் வேகக் கணக்கு எங்கேயோ தப்பு. 48 கிலோவுக்குக் குறைக்கும் முன் 15 கிலோஹெர்ட்ஸில் அடைக்காவிட்டால் 38ஐச் சுற்றியுள்ள ஸ்டீரியோ பகுதி 10ஐச் சுற்றி மடிந்து கரகரக்கும். டி-எம்ஃபசிஸ் நம் நாட்டில் 50 மைக்ரோநொடி. அமெரிக்க உதாரணங்களில் இருக்கும் 75ஐ அப்படியே எடுத்தால் குரல் மழுங்கும். 240 கிலோ சாம்பிளில் அதன் கெழு 0.920.

இவ்வளவுக்குப் பிறகும் 100.1இலோ 102.8இலோ இல்லாத நிலையம் கேட்டால் அது கோடின் குற்றமல்ல. இரண்டு வலுவான நிலையங்கள் டாங்கிளுக்குள் கலந்து பிறப்பவை அவை. பதிவில் 0, 255 மதிப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். குவிந்திருந்தால் கெயினை 10 டெசிபல் இறக்குங்கள். உண்மை நிலையம் 10 டெசிபல் இறங்கும், இந்தப் போலி 30 டெசிபல் வரை இறங்கும்.