திரும்பி வரும் கால்பேக், இல்லாமற்போன ஆப்ஜெக்ட்

சில ஆண்டுகளுக்கு முன், சி++ மொழியில் பூஸ்ட் ஏசியோ என்ற, நெட்வொர்க் வேலைகளைக் காத்து நிற்காமல் நடத்த உதவும் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செஷன் ஆப்ஜெக்ட், அதனுள் ஒரு டைமர்; டைமர் முடிந்ததும் ஓடவேண்டிய லேம்டா (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்; இப்படிப் பிறகு அழைக்கப்படுவதே கால்பேக்), திஸ் பாயிண்டரை, அதாவது அந்தச் செஷனின் நினைவக முகவரியை மட்டும், பிடித்து வைத்திருந்தது. நெரிசல் மிகுந்த நேரங்களில் மட்டும், நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை, சர்வர் விழுந்துவிடும். விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான கோர் டம்ப்பைத் திறந்தால், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷன் குற்றவாளியைப் போல நிற்கும்.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டிய பிறகே உண்மை தெரிந்தது. அந்த நினைவகம் எங்கே பெறப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, அதன்பின் எங்கே படிக்கப்பட்டது என்ற மூன்று கால் ஸ்டாக்குகளையும் (ஃபங்ஷன் அழைப்பு வரிசைகளையும்) அது அச்சிட்டுக் காட்டியது. எதிர்முனை துண்டித்ததும் செஷன் அழிகிறது. அப்போது டைமரின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்), காத்திருக்கும் வேலையை ரத்து செய்கிறது. ஏசியோவில் ரத்து என்றால் கால்பேக் வராது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில், ரத்தானது என்ற பிழைக்குறியோடு அது பிறகு வந்தே தீரும். எங்கள் லேம்டாவோ அந்தக் குறியைப் பார்ப்பதற்கு முன்பே அழிந்துபோன செஷனின் எண்ணைப் படித்து பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது.

ஷேர்டு பாயிண்டர், பிடித்திருப்போரின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை ஆப்ஜெக்டை உயிரோடு வைத்திருக்கும்; அதை எல்லா லேம்டாக்களிலும் பிடித்துவைத்தோம். விழுவது நின்றது, நினைவகம் ஏறத் தொடங்கியது. செஷன் தனக்குள் உறுப்பாக வைத்திருந்த ஒரு கால்பேக், அதே செஷனின் ஷேர்டு பாயிண்டரைப் பிடித்திருந்ததால், எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடவில்லை. சத்தமாக விழும் பிழையைக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வளரும் பிழையை வாங்கியிருந்தோம் (அந்தத் திருத்தத்தை முன்மொழிந்தவன் நான்தான்).

அதன்பிறகுதான், ஒவ்வொரு கால்பேக்கையும் தனித்தனியே எடுத்து, இதற்காக செஷன் உயிரோடு இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினோம். வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, தரவு வந்து விழும் பஃபர் செஷனுக்குள்ளேயே இருப்பதால், அங்கே ஷேர்டு பாயிண்டர் கட்டாயம். டைமருக்கோ அப்படியொரு தேவையில்லை. செஷன் போய்விட்டால் டைமர் சொல்ல வருவதைக் கேட்க யாருமில்லை, எனவே ஆப்ஜெக்டை உயிரோடு வைத்திருக்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும் வீக் பாயிண்டர் போதும். அதிலும் ஆப்ஜெக்ட் அழிந்துவிட்டதா என எக்ஸ்பயர்டு ஃபங்ஷனிடம் கேட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துவது பிழை, ஏனெனில் அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் செயலிழை) கடைசிப் பிடியை விட்டுவிடலாம். வீக் பாயிண்டரின் லாக் (lock) ஃபங்ஷனைக் கூப்பிட்டு, கிடைத்த ஷேர்டு பாயிண்டரை வேலை முடியும்வரை கையில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மீதமிருந்தது. கடைசிப் பிடி எந்த த்ரெட்டில் விடுபடுகிறதோ அங்கேதான் டிஸ்ட்ரக்டர் ஓடும். செஷன்களை நிர்வகித்த ஆப்ஜெக்டின் டிஸ்ட்ரக்டர் தன் த்ரெட்டை ஜாயின் செய்தது, அதாவது அது முடியும்வரை காத்திருந்தது. ஒருநாள் அதன் கடைசிப் பிடி அதே த்ரெட்டின் கால்பேக்குக்குள் விடுபட, த்ரெட் தனக்காகத் தானே காத்திருக்க முயன்று, எழுந்த எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) டிஸ்ட்ரக்டரைத் தாண்ட முடியாமல் ப்ராசஸையே முடித்துவைத்தது. மூடுவதற்கென வெளிப்படையான ஒரு ஃபங்ஷனை எழுதி, அதை மெயின் த்ரெட் மட்டுமே அழைக்கும்படி மாற்றினோம். டிஸ்ட்ரக்டரில் இப்போது எஞ்சியிருப்பது, மூடியாயிற்றா என்று பார்க்கும் ஓர் அசெர்ட் மட்டுமே.