நல்லாத்தான் தமிழ் பேசுறாளே, அப்புறம் என்ன?

வடக்கிலிருந்து வந்த பிள்ளை ஒன்று பாடத்தில் திணறுகிறது என்று ஆசிரியர் அறையில் சொன்னால் எனக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "அவளுக்குத்தான் தமிழ் நல்லா வருதே டீச்சர், அப்புறம் என்ன?" அக்கறை இல்லாமல் சொல்கிற பதில் இல்லை. அந்தப் பிள்ளை பேசுவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "ஏனுங் டீச்சர், இன்னிக்கு வெளையாட விடுவீங்களா?" என்று கேட்கிறவள் பீகாரில் பிறந்தவள் என்றால் உள்ளூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள்.

நான் திருப்பூரில் பல்லடம் சாலைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. பள்ளியைச் சுற்றி பனியன் கம்பெனிகள், அவற்றுக்குப் பின்னால் லைன் வீடுகள். என் வருகைப் பதிவேட்டில் ஏறக்குறைய பாதிப் பெயர்கள் 'குமார்' என்றோ 'குமாரி' என்றோ முடியும். ஊரில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், இந்திக்காரங்க. வீட்டில் பேசுவது போஜ்புரியா, மைதிலியா, ஒடியாவா, சந்தாலியா என்று யாரும் கேட்பதில்லை. தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகும் ரயில் திருப்பூரில் நிற்கும். ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், டிட்லாகர் என்று அது நின்று வரும் ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் என் வகுப்பில் பாதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பிள்ளைகள் தமிழ் பேசக் கற்றுக்கொள்ளும் வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஜூனில் சேரும்போது வாயே திறக்காத பையன் காலாண்டுத் தேர்வுக்குள் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் பேசுவான். பெண் பிள்ளைகள் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவே ஆகிவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தம்பியின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதும் அவர்கள்தான், வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்பதும் அவர்கள்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம். ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்கு "தமிழ் வந்துடுச்சு" என்ற எண்ணம் உறுதியாகிவிடுகிறது.

கணக்குப் பாடத்துக்கு வாருங்கள். "ஒரு கூடையில் 24 மாம்பழங்கள் இருந்தன. அவற்றுள் 9 பழங்கள் அழுகிவிட்டன எனில், எஞ்சியவை எத்தனை?" இதை எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதையே நான் வாயால், "24 மாம்பழத்துல 9 கெட்டுப்போச்சு சாமி, மீதி எத்தனை?" என்று கேட்டால் மூச்சு விடும் நேரத்தில் "15" என்று பதில் வரும். கணக்கு அவளுக்குத் தெரியும், பேச்சுத் தமிழும் தெரியும். 'அவற்றுள்', 'எனில்', 'எஞ்சியவை' எல்லாம் வேறு உலகம். கொங்குத் தமிழ் பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் காதில் தொலைக்காட்சிச் செய்தியோ, மேடைப் பேச்சோ, ஆத்தா படிக்கும் பேப்பரோ எப்படியாவது விழுந்துகொண்டே இருக்கும். லைன் வீட்டில் ஓடுவது போஜ்புரிப் பாட்டு.

கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பற்றி 1979 முதலே எழுதி வருகிறார். புதிய மொழியில் சரளமாகப் பேசப் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகள் போதும், பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் சொல்வதன் சுருக்கம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்துச் சொன்னது. பல்லடம் சாலையிலும் அப்படியே பொருந்துகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால் இங்கே இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்பது என் கணிப்பு.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்து அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுப்பது. நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். பாட்டு, ஆட்டம், பொம்மை என்று வகுப்பு கலகலப்பாக இருப்பதில் அதிகம் பயன் பெற்றவர்கள் தமிழ் தெரியாத பிள்ளைகள்தான். ஆனால் மதிப்பீடு தமிழில்தான் நடக்கும். வாயால் கேட்டால் கணக்கில் மலரில் இருக்க வேண்டிய பிள்ளை, கேள்வி புரியாததால் அரும்பில் போய் உட்காருகிறது. மதிப்பீட்டைப் பதிகிற செயலியில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. 'கணக்கு வரவில்லை', 'மொழி வரவில்லை' இரண்டும் அங்கே ஒன்றுதான்.

நான் இப்போது செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால், முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, உனக்குத் தெரிந்த எழுத்தில் எதையாவது எழுது என்பேன். சிலர் தேவநாகரியில் கடகடவென்று எழுதுவார்கள். சிலர் ஒடியாவில் பெயரை மட்டும். சிலர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் எந்த ஊரிலும் பள்ளிக்கே போகாதவர்கள். இந்த மூன்று வகைக்கும் மூன்று வேறு வழி வேண்டும். ஏதாவது ஒரு மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளை தமிழ் எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எழுத்து என்றால் என்ன, சத்தத்தை எப்படிக் கோட்டில் அடைப்பது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். இதற்காகவே நான் யூடியூபைப் பார்த்து தேவநாகரி எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். என் இந்தி படுமோசம், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டீச்சருக்கும் தெரியாத பாஷை இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகமே மாறிவிடுகிறது.

தேவநாகரி படித்து வந்த பிள்ளை எங்கே தடுக்கும் என்பதும் இப்போது எனக்குத் தெரிகிறது. அவர்கள் மொழியில் 'க'வுக்கு நான்கு எழுத்து, நம்மிடம் ஒன்று. "மிச்சம் எங்கே மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். 'பம்பரம்' என்று எழுதினால் இரண்டு 'ப'வையும் ஒரே மாதிரி அழுத்திப் படிப்பான். எழுதும்போது 'கொடு'வும் 'கோடு'வும், 'எடு'வும் 'ஏடு'வும் குழம்பும், ஏனென்றால் இந்தி எழுத்தில் அந்தக் குறில் கிடையாது. ஒடியாப் பிள்ளைகளோ 'ள' சுத்தமாகச் சொல்வார்கள், அவர்கள் மொழியில் அது இருக்கிறது. நம் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைவிட நன்றாக 'பள்ளி' என்பார்கள். இந்த மாதிரி விஷயங்களை ஒரு பயிற்சியிலாவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சட்டத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகளின்படி அது மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை போகலாம். கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றும் 29ஆம் பிரிவில் இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதை ஒழுங்காகச் செய்கிறோம். சிறப்புப் பயிற்சி என்பது நடைமுறையில், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது.

மொழிச் சிறுபான்மையினர் என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவு வருவது தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம் பேசுகிறவர்கள். ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கு வழியிலும் கன்னட வழியிலும் அரசுப் பள்ளிகள் உண்டு. 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் கட்டாயம் என்பதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனார்கள், விலக்கும் வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் உண்டு, வக்கீல் உண்டு, தலைமுறையாக இங்கே வாழ்கிறவர்கள் என்ற பிடிமானம் உண்டு. பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், உட்கார்ந்திருக்கும் பீகார்த் தகப்பனுக்கு எதுவும் இல்லை. அவர் கேட்பதும் வேறு. "மேடம், இங்கிலீஷ் மீடியம்ல போடுங்க" என்பார். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13இலிருந்து பரவலாக இருக்கின்றனவே. ஆக வீட்டில் போஜ்புரி, தெருவில் தமிழ், ஊரில் படித்தது இந்தி, புத்தகம் ஆங்கிலம். நான்கிலும் கால் வைத்து ஒன்றிலும் நிற்காமல் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தத் தகப்பனிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் மகனும் ஆங்கில வழியில்தான் படித்தான்.

அதற்காகத் திருப்பூரில் ஒடியா வழிப் பள்ளி திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருவள்ளூர் செங்கல் சூளைகளின் கதை வேறு. ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்கள், மழைக்காலத்துக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒடியா தெரிந்தவர்களை வைத்து, ஒடிசாப் பாடநூல்களைக் கொண்டே மையங்கள் நடத்தினார்கள். சரியான காரியம். ஆறு மாதத்தில் தமிழ் கற்று, மறு ஆறு மாதத்தில் அதை மறந்து, நடுவில் ஒடியாவும் போனால் என்ன மிஞ்சும்? பனியன் கம்பெனிக்கு வருகிறவர்களில் பலர் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும், நன்றாக வேண்டும். அதில் ஏற ஒரு படி வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் ரோஷ்ணி என்று தொடங்கியது அதைத்தான். பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, அந்த மொழியிலிருந்து மெல்ல மலையாளத்துக்கு நகர்த்தினார்கள்.

தங்குகிறார்கள் என்று சொன்னாலும் இடையில் ஒரு போக்கு உண்டு. தீபாவளிக்குக் கம்பெனி மூடும், போனஸ் வரும், ஆறாம் நாள் பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜை. ஊருக்குப் போனால் சில குடும்பங்கள் பத்து நாளில் திரும்பும். சில குடும்பங்கள் அறுவடை, கல்யாணம் என்று ஹோலி முடிந்துதான் வரும். அதுவரை பதிவேட்டில் அந்தப் பெயர் என்ன செய்யும்? நீண்ட நாள் வராதவர் என்று எழுத வேண்டும். அப்புறம் இ.எம்.ஐ.எஸ். என்கிற மாணவர் விவர இணையதளத்தில் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்கு, தள்ள வேண்டும். மார்ச்சில் பிள்ளை வாசலில் வந்து நின்றால் மறுபடி அங்கிருந்து இழுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பிள்ளையின் இ.எம்.ஐ.எஸ். எண் கூடவே போகும். எல்லை தாண்டினால் அந்த இடைப்பட்ட மாதங்களில் பிள்ளை எங்காவது படித்ததா என்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை. கேட்டால் "ஆடு மேய்ச்சேன் மிஸ்" என்பார்கள். சிலர் உண்மையிலேயே அங்கே பள்ளிக்குப் போயிருப்பார்கள், அதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. 8.30க்கு ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற அம்மா பிள்ளையைச் சாப்பாட்டுக்குப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். ரவா உப்புமாவை முதல் வாரம் முகர்ந்து பார்த்தவர்கள் இப்போது இரண்டாம் முறை தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பெண்களின் வருகை மட்டும் இன்னும் சரியாகவில்லை. கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டே வரச் சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சில் ஒரு இரண்டு வயதுக்காரன் தூங்கிக்கொண்டிருக்கிறான் இப்போது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நல்ல மனிதர்.

பெரிய வகுப்புக்குப் போனால் வேறொரு சுவர் இருக்கிறது. ஜார்க்கண்டில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் சந்தால் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் அந்தச் சான்றிதழ் செல்லாது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, 1990இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. இங்கேயே வளர்ந்து பத்தாம் வகுப்பு முடித்தவனிடம் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது என்ன சொல்வது என்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் எங்களைக் கேட்கிறார்கள். எங்களிடமும் பதில் இல்லை.

இவ்வளவு எழுதியதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒடியாப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், காலையில் கொஞ்ச நேரம் வந்து எங்கள் ஒடியாப் பிள்ளைகளோடு உட்காருவாள். கணக்குக் கேள்வியை ஒடியாவில் சொல்லி, பிறகு தமிழில் சொல்லி, பிறகு புத்தகத்தில் அதே வரியைத் தொட்டுக் காட்டுவாள். சம்பளம் எதுவும் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழு பயணச் செலவுக்கு ஏதோ கொடுத்தது. கல்யாணமாகி சூரத் போய்விட்டாள். அவள் இடம் காலியாக இருக்கிறது. திருப்பூரில் இருப்பவர்கள், ஒடியாவோ போஜ்புரியோ தெரிந்த, காலை 8.30 முதல் 9.15 வரை நேரம் இருக்கிற யாரையாவது தெரிந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். சந்தாலி தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்களில் ஒருவருக்கும் அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.