பதினாலு மாடியும் எங்கள் ஸ்டோரும்

"இலங்கைக்கு வாக்கப்பட்டுப் போயிட்டு இன்னும் தாமரைக் கோபுரத்தப் பாக்கலையா?" துறையூரிலிருந்து தங்கச்சி போனில் கேட்டது, இஸ்தோப்புத் திண்ணையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மாமியின் காதில் விழுந்துவிட்டது. "அது கொழும்பு ஆளுகளுக்கு. நம்ம ஸ்டோரப் படம் புடிச்சு அனுப்பு புள்ள" என்று மாவுக் கையாலேயே எதிர்மேட்டைக் காட்டினார். தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரிக்கு இங்கே மலைநாட்டில் ஸ்டோர் என்றுதான் பேர். படத்தை அனுப்பினேன். "என்னக்கா இது, நெல்லு குடோனா?" என்று பதில் வந்தது. சுருக்கென்றது.

கொழும்புப் பக்கம் இருப்பவை அழகில்லை என்று யார் சொன்னது? தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம், 2022இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் 1982 முதல் தண்ணீர் நடுவே செப்புக் கூரைகளோடு நிற்கிறது. மலைநாட்டிலும் கம்பளைக்கு மேலே அம்புலுவாவ கோபுரம் இருக்கிறது. வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறும் அதன் படிக்கட்டு போகப் போகக் குறுகி, எதிரே வருகிறவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்க் கீழே பார்த்தால், என் கண் தேடியது பச்சைக்கு நடுவே மின்னும் ஸ்டோர்த் தகரங்களைத்தான்.

எங்கள் ஸ்டோர் நாலு மாடி. சுவரைவிட ஜன்னல் அதிகம். மேல் தட்டுகளில் கொழுந்தை வாட்டக் காற்று வேண்டுமே, அதற்காக. அந்தக் காலத்தில் சாக்குத் துணித் தட்டுகளில் கையால் தூவி வாட்டினார்களாம். இப்போது நீளத் தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து விசிறி ஓடவிடுகிறார்கள். வாடியது கீழே இறங்கி ரோலரில் சுருண்டு, புளித்து, சூட்டில் கறுக்கும். கட்டடமே ஒரு எந்திரம் மாதிரி. ராத்திரி வேலை நடந்தால் அந்த வாசம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான எங்கள் லயம் வரைக்கும் வரும். மலைநாட்டுக்கென்று ஒரு கட்டடத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 1867இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இந்த நாட்டுக்குச் சோறு போட்டதில் இதற்கும் பங்குண்டு.

சின்ன வயதில் அப்பா எங்களை மெட்ராசுக்குக் கூட்டிப்போய், மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடத்துக்கு எதிரே நிறுத்தி மாடியை எண்ணச் சொன்னார். 1959இல் திறந்த பதினாலு மாடி. எண்ணி முடிப்பதற்குள் தங்கச்சிக்குக் கழுத்து வலித்துவிட்டது. ஊருக்கு வந்தும் மாசக்கணக்கில் அதே பேச்சு. இந்தக் குளிருக்கும் அட்டைக்கும் எனக்குப் பழகிப்போயிற்று, கம்பளிக்குள் நன்றாகத்தான் தூங்குகிறேன். ஆனாலும் நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் அந்த மவுண்ட் ரோட்டு வெயில் பிடரியில் சுட வேண்டும்போல இருக்கும்.

என் மனத்தாங்கல் வேறு. கொழுந்துக்கு அத்தனை ஜன்னல் வைத்தவர்கள், அதைப் பறித்தவர்களுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்ற ஒரே அறை, முன்னால் ஒரு கதவு, பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அடுப்புப் புகை கதவு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மாமி பிறந்தது, பிள்ளை பெற்றது, மாமனாரைப் பறிகொடுத்தது எல்லாம் இதே காம்பராவில். திருச்சி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த நம் சனம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஏழு பேர்ச் காணியில், அதாவது நாலு சென்ட்டுக்குச் சற்று மேலான நிலத்தில், தனி வீடுகள் சில தோட்டங்களில் எழும்பிவிட்டன. எங்கள் லயத்துக்கு இன்னும் வரவில்லை.

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் ஒரு பழைய ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். இரும்புத் தூண்களை அப்படியே விட்டு, கொழுந்து வாட்டிய தட்டுகளைப் படுக்கையறைகளாக மாற்றியிருக்கிறார்கள். இதை மாமியிடம் சொன்னேன்.

"வாட்டுற தட்டுலயா படுக்குறாங்க?" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "நல்லா காத்து வரும் புள்ள அங்க."