யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றனவா?

பாகன் வைத்த பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்க்கும் யானையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் மனிதரின் தலையீடு இல்லாத வெளியில் ஒரு யானை மற்றொரு யானையைத் தனிப்பெயரிட்டு அழைக்கிறது என்று ‘நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ ஆய்விதழில் 2024 ஜூன் மாதம் வெளியான கட்டுரை கூறியபோது, எனக்கு முதலில் ஐயமே எழுந்தது. நாளிதழ்களின் தலைப்புகளோ அதை முடிந்த முடிவாகவே அறிவித்துவிட்டன.

யானையின் குரல் என்றால் பிளிறல்தான் நம் நினைவுக்கு வரும். எனினும் அவை தமக்குள் பெரும்பாலும் தொடர்புகொள்வது தாழ்ந்த உறுமலின் வழியாகவே. அதன் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, மனிதச் செவிக்கு எட்டாத அளவில் அமைந்திருப்பதை 1980களில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் கண்டறிந்தார்.

மைக்கேல் பார்டோ, ஜாய்ஸ் பூல், ஜார்ஜ் விட்டெமையர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கென்யாவின் சம்புரு, அம்போசெலி பகுதிகளில் 1986 முதல் 2022 வரை பதிவான 469 உறுமல்களை எடுத்துக்கொண்டனர். அவற்றை எழுப்பியவை 101 யானைகள். அவ்வழைப்புகள் 117 யானைகளை நோக்கியவை. எந்த யானை எதை அழைத்தது என்று குறித்துவைக்க வேண்டுமானால் ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், பல பத்தாண்டுக் களப்பணி இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்கவே முடியாது. பிறகு, உறுமலின் ஒலியியல் கூறுகளை மட்டும் கொண்டு அது யாருக்கானது என்று ஊகிக்க ஒரு கணினி நிரலைப் பழக்கினர். அது 27.5 விழுக்காடு சரியாகச் சொன்னது. பொருளற்ற தரவைக் கொடுத்தபோது கிட்டிய அளவு சுமார் 8 விழுக்காடுதான். நான்கில் ஏறத்தாழ மூன்று தவறு என்பது பெருமைப்படத்தக்க விடையாகத் தோன்றாது. ஆயினும், உறுமும் யானையின் வயது, பால், மனநிலை ஆகிய அனைத்தும் ஒரே ஒலிக்குள் கலந்திருக்கின்றன. எல்லா உறுமலிலும் பெயர் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இவற்றைக் கருதும்போது அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

என்னை உண்மையில் வியக்கவைத்தது வேறொன்று. டால்பின்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கின்றன. மற்றொரு டால்பின் அதை அழைக்க விரும்பினால் அதே சீழ்க்கையைப் பாவனை செய்கிறது. யானைகளிடம் இத்தகைய பாவனை தேவைப்படுவதாகத் தெரியவில்லை. அழைக்கப்படும் யானையின் குரலை ஒத்திராத உறுமல்களிலும் அது யாருக்கானது என்பது அடையாளம் காணத்தக்கதாகவே இருந்தது. இப்படி அழைக்கத் தேவையான, புதிய ஒலிகளைக் கற்கும் ஆற்றல் யானைக்கு உண்டு என்பது முன்பே தெரிந்த செய்தி: கென்யாவில் மிலைக்கா என்ற யானை லாரியின் இரைச்சலைப் போல ஒலி எழுப்பியது, தென்கொரிய விலங்குக்காட்சிப் பூங்காவில் கோஷிக் என்ற ஆசிய யானை துதிக்கையை வாய்க்குள் விட்டு ஐந்து கொரியச் சொற்களை உச்சரித்தது.

கணினியைக் காட்டிலும் யானைகளின் விடையே எனக்கு நம்பிக்கையளித்தது. ஆய்வாளர்கள் 17 யானைகளுக்கு ஒலிபெருக்கி வழியாக இரு பதிவுகளை ஒலிக்கச் செய்தனர். இரண்டும் ஒரே யானையின் குரல். ஒன்று, அதைக் கேட்கும் யானையை நோக்கி எழுப்பப்பட்டது; மற்றொன்று, வேறொரு யானையை நோக்கி எழுப்பப்பட்டது. குரல் பழக்கமானது என்பதனால் மட்டும் யானை ஓடிவருகிறது என்று சொல்ல இடமில்லாத இந்த ஏற்பாட்டில், தனக்குரிய உறுமலைக் கேட்ட யானைகள் ஒலி வந்த திசையை விரைவாக அணுகின. விரைந்து மறுகுரலும் கொடுத்தன.

இருந்தும், உறுமலின் எந்தப் பகுதி பெயர் என்பதை ஆய்வாளர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரே யானையை எல்லா யானைகளும் ஒரே பெயரால்தான் அழைக்கின்றனவா என்பதற்கான சான்றும் மெலிந்ததே. கட்டுரையாளர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கின்றனர். ஆய்வு ஆப்பிரிக்கச் சவானா யானைகளைப் பற்றியது என்பதால், முதுமலை யானைகளுக்கு அதை உடனே பொருத்திப் பேசுவதும் முறையாகாது. பெயரின் ஒலித்துண்டு தனியே கிடைத்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்: அருகில் இல்லாத ஒரு யானையைப் பற்றி மற்ற இரு யானைகள் அதன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்கின்றனவா?